ஓடைக்கரையில் வாடகைக்குப் போகலாமா?

கேள்வி (கரூர்க்காரர்), 23 ஆகஸ்ட் 2025

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிக்கிற) வேலை கிடைத்திருக்கிறது. ஜம்மனை ஓடையை ஒட்டி ஒரு லைன் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டின சின்ன வீடுகளில் ஒன்று) பார்த்தேன். வாடகை 4,500. கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் ஆபீசில் யாரைக் கேட்டாலும் "அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்" என்கிறார்கள். கஞ்சா, அடிதடி, இந்திக்காரர் கூட்டம், எட்டு மணிக்கு மேல் பெண்கள் நடக்க முடியாது என்று ஒரே பயமுறுத்தல். மனைவி மாசமாக இருக்கிறார். அங்கே குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

23 ஆகஸ்ட், இரவு

நான் அங்கேதான் இருக்கிறேன், தம்பி. கல்யாணமாகி வெள்ளகோவிலிலிருந்து வந்ததே இந்தத் தெருவுக்குத்தான். ரொம்ப வருசம் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டினேன். இப்போது வீட்டிலேயே ரெண்டு மிஷின் போட்டு, கம்பெனித் துணியை வாங்கி ஜாப் ஒர்க்காகத் தைக்கிறேன்.

எட்டு மணிக்கு மேல் நடக்க முடியாது என்றார்களே, அதை முதலில் பார்ப்போம். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரை. அந்த நேரத்துக்குச் செக்கிங், கைமடி, பேக்கிங் பெண்கள் எல்லாம் சாப்பாட்டுப் பையோடு கூட்டம் கூட்டமாக இந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஒன்பது மணிக்கு மாவுக்கடை வாசலில் வண்டி நுழைய இடம் இருக்காது. பெண்கள் ராத்திரி நடக்க முடியாத ஊர் என்றால் திருப்பூரில் ஒரு கம்பெனியும் ஆர்டர் முடிக்க முடியாது.

உங்களுக்குப் புத்தி சொன்னவர்களில் எத்தனை பேர் இந்தத் தெருவுக்குள் கால் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

24 ஆகஸ்ட்

"அப்போ கஞ்சா இல்லை என்கிறீர்களா?" என்று கீழே ஒருத்தர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடம் போகிற வயதில் கெட்டுப்போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய அம்மாக்களோடு ஒரே லைனில் உட்கார்ந்து தைத்திருக்கிறேன். அவர்கள் காலையில் பையனை எழுப்பிவிட்டுப் போனால் ராத்திரிதான் முகத்தைப் பார்ப்பார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரம் அவன் எங்கே இருந்தான் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. நல்ல தெருக்களிலும் கெட்டுப்போகிற பையன்கள் உண்டு. அங்கே அது குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. இங்கே ஒருத்தன் பிடிபட்டால் தெருவுக்கே பேர் வந்துவிடும். அடுத்த வாரம் வண்டிச் சோதனையில் எங்கள் பையன்களை நிறுத்தி எங்கே வீடு என்று கேட்பார்கள். ஓடைக்கரை என்று சொன்னால் கூடுதலாக அரை மணி நேரம் நிற்க வேண்டும். கட்டிங் மாஸ்டரிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் ஒருத்தன் அப்படி நின்றதால் ஷிப்டுக்கு லேட்டாகி அரை நாள் சம்பளம் இழந்தான்.

24 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

சனிக்கிழமை ராத்திரி சத்தம் இருக்கும். இங்கே வாரச் சம்பளம், சனிக்கிழமைதான் கைக்கு வரும். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியிடம் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் கறிக்கடையில் அதே ஆள் தலை குனிந்து நிற்பார். கர்ப்பிணியோடு குடிவருகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

26 ஆகஸ்ட்

நீங்கள் யாரும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். நான் பயப்படுவது ஓடைக்குத்தான்.

ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளம் ஓடையும் ஊருக்கு நடுவில் ஓடி நொய்யலில் கலக்கின்றன. வருசத்தில் பெரும்பாலான நாள் அதில் சாக்கடைதான் போகும், அதைப் பார்த்து ஒருத்தருக்கும் பயம் வராது. 2011 நவம்பரில் ஒரே ராத்திரி மழையில் ஓடை கரை ஏறியது. வீடுகள் போயின, உயிர்களும் போயின. எங்கள் லைனில் சுவர் ஓரமாக அடுக்கியிருந்த கட் பீஸ் மூட்டைகள் தண்ணீரில் மிதந்து கதவை அடைத்துக்கொண்டதால், பின்பக்கத்து ஓட்டுக் கூரையைப் பிரித்துத்தான் குழந்தைகளைத் தூக்கினோம்.

அதனால் வீடு பார்க்கப் போகிறபோது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தடுப்புச் சுவர் இருக்கிறதா? வாசற்படி தெருவை விட எத்தனை படி உயரம்? சுவரில் சுண்ணாம்பு உரிந்த கோடு இடுப்பு உயரத்துக்கு இருந்தால் எதனால் என்று பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், ஆயா சொல்லிவிடுவார். கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு ஓடையை ஒட்டின கடைசி வரிசை வேண்டாம். தெருப்பக்கத்து வரிசையில் 500 ரூபாய் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

27 ஆகஸ்ட்

இன்றிலிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி. முதலில் 25, இப்போது அதன் மேல் இன்னொரு 25. திருப்பூர் வருசத்துக்குக் கிட்டத்தட்ட 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பேப்பரில் கோடிக் கணக்கு வரும். எங்கள் தெருவில் அது எப்படித் தெரியும் என்றால், முதலில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். அப்புறம் புதன்கிழமை லீவு விடுவார்கள். அதற்கப்புறம் மளிகைக்கடை நோட்டு நீளும்.

தம்பி, மெர்ச்சண்டைசர் வேலைக்கு வருகிறீர்களே, உங்கள் பையர் (சரக்கு வாங்குகிறவர்) எந்த நாடு என்று சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் ரவுடி இருக்கிறானா என்பதை விட இது அவசரமான கேள்வி.

31 ஆகஸ்ட்

"அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள்தானே, சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டு..." என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. தெருவுக்கு இந்தப் பக்கம் பட்டா நிலம், விலை கொடுத்து வாங்கி லைன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம், ஓடையை ஒட்டி, நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே இருக்கிறவர்களிடமும் வீட்டுவரி ரசீது, இ.பி. கார்டு, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் இருக்கும். பட்டா மட்டும் இருக்காது, நீர்நிலைப் புறம்போக்குக்கு அது கிடைக்கவும் கிடைக்காது. வரி வாங்குகிறபோது குடிமகன், காலி பண்ணச் சொல்கிறபோது ஆக்கிரமிப்பாளர். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிணறு வற்றி வந்தவர்கள், தேனி, திண்டுக்கல்லிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் எல்லாம் கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த மலிவான இடத்தில் குடிசை போட்டார்கள். அந்தக் கம்பெனிகளுக்கும் அவர்கள் பக்கத்தில் இருப்பது வசதியாக இருந்தது.

3 செப்டம்பர்

"குடிசை மாற்று வாரிய வீடு கொடுத்தும் போக மாட்டேன் என்கிறார்களே?"

இது நியாயமான கேள்வி. வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். திருப்பூருக்கு வீரபாண்டி, நெருப்பெரிச்சல் என்று அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். வீடு நல்ல வீடுதான். கான்கிரீட் கூரை, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். இங்கே பத்து வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ், காலை ஏழு மணிக்கு வாளியோடு வரிசை. வயசுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு கதவே பெரிய விஷயம். போனவர்கள் அதற்காகத்தான் போனார்கள்.

என்னோடு செக்கிங்கில் இருந்த அக்கா நெருப்பெரிச்சலுக்குப் போனார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து இலவசம், அதனால் காசு பிரச்சினை இல்லை. நேரம்தான் பிரச்சினை. எட்டரைக்கு வேலை முடிந்து பஸ் பிடித்து மூன்றாவது மாடி ஏறிச் சோறு பொங்க மணி பத்தரை. அதனால் ஒன்றரை ஷிப்டை விட்டுவிட்டு ஒரு ஷிப்டோடு கிளம்ப ஆரம்பித்தார். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கடைசியில் அந்த வீட்டில் மாமியாரையும் பையனையும் வைத்துவிட்டு, வாரநாளில் எங்கள் லைனில் தங்கச்சி வீட்டில் படுத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் "வீடு கொடுத்தும் திரும்பி வந்துட்டாங்க" என்றுதான் தெரியும்.

3 செப்டம்பர், மறுபடியும்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ ஓடைக்கரையிலேயே விட்டுவிடணுமா?" என்று கேட்காதீர்கள். புறம்போக்கு வரிசையில் இருக்கிறவர்கள் அங்கிருந்து வெளியேறத்தான் வேண்டும். 2011ஐப் பார்த்த யாரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். நான் கேட்பது, கம்பெனியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏன் கட்டவில்லை என்பதுதான். ஊருக்குள் மூடிக் கிடக்கிற பட்டறைகள் எத்தனையோ.

7 செப்டம்பர்

டெங்கு பற்றி. "சுத்தமில்லாத ஏரியா, அதான் டெங்கு" என்று எழுதியவருக்கு: டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடாது. நல்ல தண்ணீரில்தான் இடும். எங்கள் தெருவில் நல்ல தண்ணி பல நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். வந்தால் டிரம், குடம், அண்டா, பழைய பெயிண்ட் டப்பா வரைக்கும் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும். தினமும் தண்ணீர் வருகிற தெருவில் யாரும் டிரம் வைக்க மாட்டார்கள், அங்கே கொசுவுக்கும் இடம் குறைவு.

கொசுப்புழு பார்க்க வருகிற பெண்கள் டார்ச் அடித்து டிரம்மைப் பார்த்து, புழு இருந்தால் கொட்டச் சொல்வார்கள். அவர்களும் தினக்கூலிதான், பாவம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த தண்ணி எப்போ என்று தெரியாதவளிடம் கொட்டச் சொன்னால் அவள் பாதி கொட்டிவிட்டுப் பாதியை மறைத்து வைப்பாள். நான் புடவைத்துணியை இரட்டையாக மடித்து டிரம் வாயில் இறுக்கிக் கட்டி வைக்கிறேன், வாரம் ஒருநாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கிறேன். தேய்க்காமல் வெறுமே கொட்டினால் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தம்பி, உங்கள் மனைவிக்காக இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

13 செப்டம்பர்

முகவரிக்கு நாங்கள் கொடுக்கிற விலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

போன வருசம் மூன்றாவது மிஷின் வாங்க ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் விண்ணப்பித்தேன். பேர் வேண்டாம். வீட்டைப் பார்க்க ஒரு பையன் வந்தான். ஓடிக்கொண்டிருக்கிற ரெண்டு மிஷினைக் காட்டினேன், தவணை தவறாமல் கட்டின பழைய கார்டைக் காட்டினேன், ஜாப் ஒர்க் டெலிவரி நோட்டைப் பிரித்து வைத்தேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அப்புறம் பின்கதவைத் திறந்து ஓடையைப் போட்டோ எடுத்தான். மிஷினை எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து போனில் "மேடம், உங்க ஏரியா நெகட்டிவ் ஏரியாங்க, எங்க கையில இல்லைங்க" என்றான்.

வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் குழுக் கடனுக்குத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் எல்லோரும் உட்கார வேண்டும், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், கட்டும் வரை யாரும் வேலைக்குப் போக முடியாது. ஒரே தெருவில் அக்கா தங்கச்சியாக இருந்தவர்கள் 600 ரூபாய்க்காகப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். இதை நான் அடிதடியை விடக் கெட்டது என்பேன். அடிதடி ஞாயிற்றுக்கிழமை ஆறிவிடும்.

14 செப்டம்பர்

இந்திக்காரர் விஷயத்தை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் தெருவிலேயே இதில் ரெண்டு கட்சி.

ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பையன்கள் ஒரு அறையில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது லாபம், அதனால் குடும்பத்துக்கு வாடகையும் ஏறிவிட்டது. இந்தக் குறை நிஜம், ஆனால் அதற்குப் பொறுப்பு அந்தப் பையன்கள் இல்லை.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. ஹோலி நேரம் வேறு, எப்படியும் பலர் ஊருக்குப் போவார்கள். ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தைக் காட்டி, பயந்து ஓடுகிறார்கள் என்று டெல்லி வரை பேசினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த வாரம் எங்கள் லைன் பையன்கள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கடைக்குக்கூட வரவில்லை. அவர்களைப் பார்த்துப் பயப்படுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆயாதான் தக்காளிச் சோறு கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். "ஊட்ல எத்தன பேரு சாமி, போதுமா?" என்றார். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, சாப்பிட்டார்கள்.

தம்பி, உங்கள் ஆபீஸ்காரர்கள் எங்களைப் பற்றிச் சொல்வதும், எங்கள் தெரு அந்தப் பையன்களைப் பற்றிச் சொல்வதும், அந்த வீடியோ நம் எல்லோரையும் பற்றிச் சொன்னதும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது.

20 செப்டம்பர்

வாடகை ஒப்பந்தம் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன். 2017ஆம் வருசத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி எழுதி ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அதனால் கையெழுத்துக்கு முன்னால் அட்வான்ஸ் வரியைப் படியுங்கள். லைன் வீட்டில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், எழுதிக் கேட்டால் "வேற ஊடு பாத்துக்குங்க" என்பார்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்கு ஒரு துண்டுச்சீட்டாவது வாங்குங்கள்.

கரண்ட்: வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். லைனில் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்குவார், இலவசம் உங்களுக்கு வராது. தனி மீட்டர் இருக்கிற வீடா என்று கேளுங்கள்.

28 செப்டம்பர்

ஒரு பெரியவர், 1984 பஞ்சப்படிப் போராட்டத்தில் இருந்தவராம், இந்த இழையைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது ஓடைக்கரைத் தெருக்களில்தான் கஞ்சித்தொட்டி வைத்தார்களாம். அப்போது இந்தப் பக்கத்துக்குப் பேர் "தொழிலாளி ஏரியா" என்கிறார். எப்போதிலிருந்து "அந்த ஏரியா" ஆனது என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்து 2011தான். ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எழுநூறுக்கும் மேல் பட்டறைகள். மூடச் சொன்னது சரியில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அதுவரை சிவப்பு ஆர்டர் ஓடினால் ஓடையும் சிவப்பாக ஓடும். அந்தச் சாயக்கழிவு போய்த் தேங்கின, நொய்யல் மேல் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் செத்தது எங்கள் சொந்தக்காரர் காட்டிலேயே நடந்தது. ஆனால் மூடின அன்று சாயத்தொட்டியில் நின்று வேலை பார்த்தவனுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. வேலை உள்ளவர்கள் வேறு பக்கம் போனார்கள். லைன்கள் காலியாகி வாடகை விழுந்தது. அதே வருசம் நவம்பரில் வெள்ளம். வாடகை விழுந்த இடத்துக்கு வேறு வழியில்லாதவர்கள் வந்தார்கள். அப்புறம்தான் இந்தப் பேர்.

4 அக்டோபர்

கரூர்த் தம்பி வந்து பார்த்துவிட்டுப் போனார். மனைவியையும் கூட்டி வந்தார். கடைசி வரிசையை வேண்டாம் என்றுவிட்டு, தெருப்பக்கம் மூன்று படி உயரத்தில் ஒரு வீடு பேசியிருக்கிறார். அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு இறங்கியது. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ராத்திரி வலி எடுத்தால் ஆட்டோ வருமா? வராது, அம்மிணி. ஓடைக்கரை என்றால் பாதி ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே நிறுத்திக்கொள்வார்கள். 108க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் மாவுக்கடை வரைக்கும் வரும், அதற்கு மேல் வண்டி திரும்பாது. அங்கிருந்து தூக்கி வர எங்கள் லைனில் ஆள் இருக்கிறது. ஒடிசாப் பையன்கள் ரெண்டு பேரும் இருக்கிறார்கள், கதவைத் தட்டினால் போதும்.

11 அக்டோபர்

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். போனஸ் பேச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க ஆர்டர் எடுக்கிற கம்பெனிகளில் "இந்த வருசம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். என் ஜாப் ஒர்க்கும் பாதியாகிவிட்டது, ரெண்டாவது மிஷினில் துணி போர்த்தி வைத்திருக்கிறேன்.

ஓடையின் தெற்குப் பக்கம் தடுப்புச் சுவர் பாதியில் நிற்கிறது, மழைக்காலம் தொடங்கப் போகிறது. அதற்கு மனு எழுதியிருக்கிறோம். வார்டு கவுன்சிலருக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒன்று. இங்கே வாசிக்கிறவர்களில் ஓடைக்கரையில் ஓட்டு உள்ளவர்கள் மாவுக்கடையில் வைத்திருக்கிற தாளில் பேர், கதவு எண், கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம். ஞாயிறு மதியம் வரைக்கும் தாள் அங்கேதான் இருக்கும்.